பார்க் ஹோம் வாங்கலாமா? வீடு உங்களுக்கு, அடிமனை இன்னொருவருக்கு

இங்கிலாந்தில் வீடு தேடுகிறவர்கள், அதிலும் ஓய்வுக்காலத்தை நெருங்கியவர்கள், விளம்பரங்களில் ஒரு வகை வீட்டைப் பார்த்திருப்பார்கள். ஒரே தளம், இரண்டு படுக்கையறை, சுற்றிலும் சின்னத் தோட்டம், வாசலில் கார் நிறுத்த இடம், ‘50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்’ என்ற குறிப்பு. விலையோ அதே ஊரில் செங்கல் வீட்டுக்குக் கேட்பதைவிட வெகுவாகக் குறைவு. இதுதான் ரெசிடென்ஷியல் பார்க் ஹோம். விலை ஏன் குறைவு என்பது புரிந்துவிட்டால், வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

அந்த விலையில் மண் சேரவில்லை. தமிழ்நாட்டில் கோயில் இடத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். கட்டடம் அவர்களுடையது, நிலம் கோயிலுடையது, அடிமனை வாடகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பார்க் ஹோமும் ஏறக்குறைய அந்த ஏற்பாடுதான். வீட்டை நீங்கள் வாங்குகிறீர்கள். அது நிற்கிற இடம், இப்படிப்பட்ட வீடுகள் பல சேர்ந்திருக்கும் ‘பார்க்’ என்ற வளாகத்தின் உரிமையாளருடையது. அந்த இடத்துக்கு மாதாமாதம் ‘பிட்ச் ஃபீ’ கட்ட வேண்டும். ஆகவே இங்கே காசு கொடுத்து வாங்குவது இரண்டு: ஒன்று வீடு, மற்றொன்று அந்த வீட்டை அங்கே நிறுத்திவைத்துக் குடியிருக்கும் உரிமையைத் தரும் ஒப்பந்தம். வீட்டைப் பார்த்து மயங்கி ஒப்பந்தத்தைப் படிக்காமல் விடுகிறவர்கள்தான் பின்னால் சிரமப்படுகிறார்கள். முதலில் காகிதம், பிறகு வீடு என்ற வரிசையிலேயே இந்தக் கட்டுரையும் போகிறது. இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்குப் பொருந்தும். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து விதிகள் சில இடங்களில் மாறும்.

சட்டத்தின் கண்ணில் இது ஒரு கேரவன்

பார்க்க வீடு போலவே இருந்தாலும், சட்டப்படி இது ‘கேரவன்’. தொழிற்சாலையில் இரும்புச் சட்டத்தின் மேல் மரத்தால் கட்டி, லாரியில் கொண்டுவந்து, கான்கிரீட் தளத்தில் இறக்கிவைப்பார்கள். பெரிய வீடுகள் இரண்டு பாதிகளாக வரும். பார்க்கில் வைத்துத்தான் அவற்றை நெட்டுபோல்ட் போட்டு இணைப்பார்கள். 1968ஆம் ஆண்டின் கேரவன் தளங்கள் சட்டம் இதற்கு அளவு வகுத்திருக்கிறது. 2006இல் திருத்தியபின் இங்கிலாந்தில் அதிகபட்ச நீளம் 20 மீட்டர், அகலம் 6.8 மீட்டர், உள் உயரம் 3.05 மீட்டர். இரண்டு பகுதிகளுக்கு மேல் இருக்கக்கூடாது.

கேரவன் என்பதால் சில லாபங்கள் உண்டு. வாங்கும்போது முத்திரை வரி கிடையாது. கவுன்சில் டாக்ஸ் பெரும்பாலும் ஆகக்குறைந்த ‘ஏ’ பிரிவில் வரும். நிலப் பதிவு இல்லாததால் வாங்கும் வேலை சீக்கிரம் முடியும்.

அதே காரணத்தால் நட்டமும் உண்டு. வழக்கமான வீட்டுக்கடன் கிடைக்காது. இதற்கென்றே கடன் தரும் சில நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே வட்டி கூடுதல், தவணைக்காலம் குறைவு. பெரும்பாலோர் பழைய வீட்டை விற்ற பணத்தில்தான் இதை வாங்குகிறார்கள். பின்னாளில் அவசரத்துக்கு வீட்டை அடமானம் வைத்துப் பணம் புரட்டலாம் என்ற எண்ணமும் இங்கே பலிக்காது.

முதலில் பார்க்க வேண்டியது: எந்த வகைப் பார்க்?

1983ஆம் ஆண்டின் மொபைல் ஹோம்ஸ் சட்டம்தான் குடியிருப்போருக்குக் கவசம். ஆனால் ஆண்டு முழுவதும் குடியிருக்க அனுமதி பெற்ற பார்க்குகளுக்குத்தான் அது பொருந்தும். விடுமுறைப் பார்க்குகளுக்குப் பொருந்தாது. இரண்டிலும் வீடுகள் ஒன்றுபோலவே இருக்கும், விளம்பர வாசகமும் ஒன்றுபோலவே இருக்கும். ‘12 மாதமும் திறந்திருக்கும்’ என்று எழுதியிருப்பதை நம்பி, நிரந்தர வீடு என்று நினைத்து விடுமுறைப் பார்க்கில் மொத்தச் சேமிப்பையும் போட்டுவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. திறந்திருப்பது வேறு, குடியிருக்க அனுமதி இருப்பது வேறு. விற்பவர் ‘வேறு இடத்தில் உங்களுக்கு வீடு இருப்பதற்கு ஆதாரம் கொடுங்கள்’ என்று கேட்டால் அது விடுமுறைப் பார்க் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இதைச் சரிபார்க்க விற்பவரின் வார்த்தை போதாது. உள்ளூர் கவுன்சிலுக்குப் போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, அந்தப் பார்க்கின் சைட் லைசென்ஸும் (பார்க் நடத்தும் உரிமம்) பிளானிங் அனுமதியும் (நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி) நிரந்தரக் குடியிருப்புக்கா? லைசென்ஸ் பதிவேட்டை யார் கேட்டாலும் காட்டுவார்கள். இரண்டு, அந்த அனுமதிக்குக் காலக்கெடு உண்டா? பார்க் உரிமையாளரே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தால் அந்தக் குத்தகை எந்த ஆண்டு முடிகிறது என்று அவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாதாரணமாகப் பார்க் ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி கிடையாது. ஆனால் உரிமையாளரின் அனுமதியோ நில உரிமையோ முடிகிற நாளில் உங்கள் ஒப்பந்தமும் முடிந்துவிடும். மூன்று, பார்க்கை நடத்துபவர் ‘தகுதியும் நேர்மையும் உள்ளவர்’ பட்டியலில் இருக்கிறாரா? 2020ஆம் ஆண்டின் விதிமுறைப்படி கவுன்சில் இதற்கென்று ஒரு பொதுப் பதிவேடு வைத்திருக்க வேண்டும்.

ஒப்பந்தம் என்ன தருகிறது, என்ன தராது

நல்ல பார்க்கில், முறையான ஒப்பந்தத்தோடு இருந்தால், பாதுகாப்பு உண்மையிலேயே வலுவானது. வாடகை வீட்டில் இருப்பவரைப் போல ‘காலி செய்யுங்கள்’ என்ற கடிதத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பார்க் உரிமையாளர் உங்களை வெளியேற்ற முடியாது. அதற்கும் மூன்று காரணங்கள்தான் செல்லும்: ஒப்பந்த விதியை மீறி, சொன்னபிறகும் சரிசெய்யாமல் இருப்பது (பிட்ச் ஃபீ கட்டாமல் விடுவதும் இதில் அடக்கம்), அந்த வீட்டை முதன்மை வசிப்பிடமாகப் பயன்படுத்தாமல் இருப்பது, வீடு பாழடைந்து பார்க்கின் தோற்றத்தையே கெடுப்பது.

இரண்டாவது காரணத்தை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். குளிர்காலத்தில் ஊருக்குப் போய் மூன்று மாதம் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துவிட்டு வருவது சிக்கலில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு ஆண்டில் பெரும்பகுதி வெளிநாட்டிலேயே இருந்தால் ‘முதன்மை வசிப்பிடம் இதுதானா?’ என்ற கேள்வி எழும். வாடகைக்கு விட்டு வருமானம் பார்ப்பதற்கும் இது ஏற்ற சொத்து அல்ல.

ஒப்பந்தப் பத்திரத்தை, கையெழுத்துக்குக் குறைந்தது 28 நாளைக்கு முன்பே உங்கள் கையில் தந்துவிட வேண்டும். குடியிருப்பவரிடமிருந்து பழைய வீடாக வாங்கினாலும், அவர் ‘வாங்குபவர் தகவல் படிவம்’ என்ற தாளையும் அதனோடு சேர்ந்த ஆவணங்களையும் 28 நாள் முன்னதாகத் தர வேண்டும். நீங்கள் எழுத்தில் சம்மதித்தால் இந்தக் காலத்தைக் குறைக்கலாம். சம்மதிக்காதீர்கள். ‘இன்னொருவர் கேட்கிறார், நாளைக்கே கையெழுத்துப் போடுங்கள்’ என்று அவசரப்படுத்தினால் அந்த அவசரமே ஒரு எச்சரிக்கை.

பத்திரத்தோடு பார்க் விதிகளையும் வரிவரியாகப் படியுங்கள். குறைந்தபட்ச வயது, நாய் பூனை வளர்க்கலாமா, எத்தனை கார், வேலி போடலாமா, கொட்டகை போடலாமா, உறவினர் எத்தனை நாள் தங்கலாம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பேரப்பிள்ளைகளோடு கூட்டுக்குடும்பமாக வாழ நினைப்பவர்களுக்கு வயதுவரம்புள்ள பார்க் ஒத்துவராது. இதை வாங்கியபின் கண்டுபிடிப்பதில் பயனில்லை.

பிட்ச் ஃபீ

ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பிட்ச் ஃபீயை மாற்றலாம். உரிய படிவத்தோடு 28 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். படிவம் இல்லாத வெறும் கடிதம் செல்லாது. 2023 ஜூலை 2 முதல் நுகர்வோர் விலைக் குறியீடான சி.பி.ஐ எவ்வளவு மாறியதோ அவ்வளவுதான் மாற்றம் என்பது பொது விதி. அதற்கு முன் சில்லறை விலைக் குறியீடான ஆர்.பி.ஐ அளவுகோலாக இருந்தது. அது பெரும்பாலும் கூடுதலாக ஏறும் என்பதால் குடியிருப்போர் பல ஆண்டுகள் போராடி இந்த மாற்றத்தைப் பெற்றார்கள். பார்க் உரிமையாளர் மேம்பாட்டு வேலை செய்திருந்தால் கூடுதலாகக் கேட்கலாம். சாலையும் விளக்கும் பராமரிப்பில்லாமல் சீரழிந்திருந்தால் நீங்கள் ஏற்றத்தை எதிர்க்கலாம். உடன்பாடு இல்லையென்றால் பழைய தொகையையே தொடர்ந்து கட்டிவாருங்கள். தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டியது உரிமையாளரின் வேலை. கட்டுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் விதியை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

வருமானம் குறைந்தவர்களுக்குப் பிட்ச் ஃபீக்கு ஹவுசிங் பெனிஃபிட் என்ற அரசு உதவித்தொகை கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் பழைய வீட்டை விற்று மீந்த பணம் வங்கியில் கிடந்தால், 16,000 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருப்பவர்களுக்குப் பொதுவாக அந்த உதவி கிடையாது. வீடு மாறுவதற்கு முன்பே இதைக் கணக்கில் எடுங்கள்.

பிட்ச் ஃபீயில் என்னென்ன அடக்கம் என்பதையும் கேளுங்கள். தண்ணீரும் கழிவுநீரும் சில பார்க்குகளில் அதற்குள் வரும், சிலவற்றில் தனி பில். மின்சாரத்தைப் பார்க் உரிமையாளர் வாங்கி உங்களுக்கு விற்றால், தான் கொடுத்த யூனிட் விலைக்கு மேல் அவர் லாபம் வைக்கக்கூடாது. பில்லின் நகலைக் கேட்டுப் பாருங்கள். குழாய் எரிவாயு இல்லாத பார்க்குகளில் எல்.பி.ஜி சிலிண்டர்தான். 47 கிலோ சிலிண்டர்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும். குளிர்காலத்தில் எத்தனை நாளுக்கு ஒரு சிலிண்டர் தீர்கிறது என்று இப்போது குடியிருப்பவரைக் கேட்டால் சூடேற்றும் செலவு தெரிந்துவிடும்.

விற்கும்போது 10 சதவீதம்

வாங்கும்போது யாரும் பெரிதாகச் சொல்லாத செலவு இதுதான். நீங்கள் விற்கும்போது, விற்ற விலையில் அதிகபட்சம் 10 சதவீதம் வரை பார்க் உரிமையாளருக்குக் கமிஷன் போகும். வீடு விற்க அவர் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாவிட்டாலும் போகும். வீட்டை நீங்கள் பழுதுபார்த்து அழகாக்கி விலையை ஏற்றினாலும், ஏறிய விலையிலும் அவருக்குப் பத்தில் ஒன்று உண்டு. எங்கள் பார்வையில் இந்த ஏற்பாட்டின் மிகக் கசப்பான பகுதி இதுவே. ஆனால் இன்றைய சட்டம் இதுதான். கணக்குப் போடும்போது சேர்த்துத்தான் ஆகவேண்டும்.

கற்பனையாக ஒரு கணக்கு. 1,80,000 பவுண்டுக்குப் புது வீடு வாங்குகிறீர்கள். பிட்ச் ஃபீ மாதம் 250, ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறுகிறது. பத்தாண்டு கழித்து 1,40,000க்கு விற்கிறீர்கள். விலையில் இறக்கம் 40,000. கமிஷன் 14,000. பத்தாண்டில் கட்டிய பிட்ச் ஃபீ ஏறத்தாழ 34,400. மொத்தம் 88,400 பவுண்டு. மாதத்துக்குப் பிரித்தால் 737. பெயின்ட், காப்பீடு, பழுது எல்லாம் இதற்கு மேல். இந்தத் தொகையை, அதே ஊரில் வாடகைக்கு இருந்தால் ஆகும் செலவோடும், சின்ன அடுக்குமாடி வீடு வாங்கினால் ஆகும் செலவோடும் வைத்துப் பாருங்கள். சில ஊர்களில் பார்க் ஹோம் தெளிவாக லாபம். சில ஊர்களில் இல்லை. உங்கள் எண்களைப் போட்டு நீங்களே ஒருமுறை கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

விலை ஏன் இறங்கும்? எங்கும் விலை ஏறுவது மண்ணுக்கு, தேய்வது கட்டடத்துக்கு. இங்கே மண் உங்களுடையதல்ல, தேய்கிற பகுதி மட்டும்தான் உங்களுடையது. அதனால்தான் புது வீட்டைவிடச் சில ஆண்டுகள் ஓடிய, நன்றாகப் பராமரித்த வீட்டை வாங்குவது பெரும்பாலும் புத்திசாலித்தனம். முதல் இறக்கத்தை வேறொருவர் ஏற்றுக்கொண்டிருப்பார்.

விற்பதற்கு ஒருகாலத்தில் இன்னொரு தடையும் இருந்தது. வாங்க வருபவரைப் பார்க் உரிமையாளர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற விதியை வைத்து, விற்பனையைக் கெடுத்து, வேறு வழியில்லாமல் தனக்கே அடிமாட்டு விலைக்கு விற்க வைப்பார்கள் சிலர். 2013ஆம் ஆண்டின் மொபைல் ஹோம்ஸ் சட்டம் அந்த ஒப்புதல் அதிகாரத்தை எடுத்துவிட்டது. 2013 மே 26க்குப் பின் கைமாறிய வீடென்றால் உரிமையாளரின் ஒப்புதல் தேவையே இல்லை. அதற்கு முந்தைய ஒப்பந்தமென்றால் அவருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆட்சேபம் இருந்தால் 21 நாளுக்குள் அவர் தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டும். பொய்த்தகவல் சொல்லி விற்பனையைக் கெடுப்பது இப்போது குற்றம்.

பழைய வீடு வாங்கும்போது பணம் கொடுக்கும் முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. விலையில் 90 சதவீதத்தை விற்பவரிடம் கொடுத்து, மீதி 10 சதவீதத்தை நீங்களே வைத்திருந்து, பார்க் உரிமையாளருக்குக் கட்ட வேண்டும். முழுத்தொகையையும் விற்பவரிடம் கொடுத்துவிட்டால் கமிஷனுக்கு நீங்கள் இரண்டாவது முறை பணம் தேட வேண்டிவரும். சட்டப்படி வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஆனாலும் பார்க் ஹோம் சட்டம் தெரிந்த ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்துக்குள் கொடுப்பதற்கு விதி வேறு. குடும்பத்தவருக்கு வீட்டைத் தானமாகக் கொடுத்தால் கமிஷன் இல்லை. வீட்டுக்காரர் இறந்தால், அந்த வீட்டிலேயே உடன் வாழ்ந்த துணைவரோ குடும்பத்தவரோ ஒப்பந்தத்தோடு தொடரலாம். வேறு ஊரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ வீடு போனால், அவர்கள் அதை விற்கலாம். தாங்களே குடிவருவது அந்த அளவுக்கு எளிதல்ல. வீடு விற்கும்வரை பிட்ச் ஃபீ ஓடிக்கொண்டே இருக்கும் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

இனி வீட்டைப் பாருங்கள்

முதல் கேள்வி, எந்தத் தரத்தில் கட்டியது? நிரந்தரக் குடியிருப்புக்கான பிரிட்டிஷ் தரவிதி பி.எஸ். 3632. அதன் 2005, 2015, 2023 பதிப்புகள் ஒவ்வொன்றும் குளிர்காப்பை மேம்படுத்தின. தரச்சான்று எந்த ஆண்டுப் பதிப்பு என்று பாருங்கள். 1980களில் வந்த பழைய வீடுகளில் சுவர் மெல்லியது. விலை மலிவாக இருக்கும், வாங்கியபின் எரிவாயு பில் அதை ஈடுகட்டிவிடும்.

அடுத்து அடிப்பகுதி. வீட்டைச் சுற்றி ஸ்கர்ட்டிங் என்று சொல்லும் குட்டையான செங்கல் சுவர் இருக்கும். அதில் காற்றுத் துளைகள் இருக்க வேண்டும். குளிர் வருகிறதென்று சிலர் அவற்றை அடைத்துவிடுவார்கள், சிலர் பூச்செடிக்கு மண்ணைக் குவித்து மூடிவிடுவார்கள். காற்றோட்டம் நின்றால் ஈரம் தங்கும். ஈரம் தங்கினால் இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும், தரைமரம் இற்றுப்போகும். அடிச்சுவரில் உள்ள கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டத்தின் மேல் லேசான செம்பழுப்பு பரவாயில்லை. விரலால் தட்டினால் ஏடு ஏடாக உதிர்கிற துரு ஆபத்து. தொங்கிக்கொண்டிருக்கும் குளிர்காப்புப் பஞ்சு, நனைந்த தரைப்பலகை, உறையில்லாத தண்ணீர்க் குழாய் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். உறையில்லாத குழாய்தான் ஜனவரி உறைபனியில் வெடிக்கும். குளிர்காலத்தில் ஊருக்குப் போகிறவர்கள் தண்ணீரை வடித்துவிட்டுப் போக வேண்டும்.

உள்ளே வந்து வாசற்படி அருகிலும் குளியலறையிலும் குதிகாலை அழுத்தி நடந்து பாருங்கள். தரை அமுங்கிக் கொடுத்தால் அடியில் மரம் இற்றிருக்கிறது. கதவைப் பாதி திறந்து விட்டுவிடுங்கள். தானாக ஆடித் திறந்தாலோ மூடினாலோ வீடு மட்டம் தப்பியிருக்கிறது. சட்டத்தைத் தாங்கும் ஜாக்கிகள் இறங்கியிருந்தால் மட்டம் சரிசெய்வது வீட்டுக்காரர் செலவு. கான்கிரீட் தளமே விரிசல்விட்டு அமுங்கியிருந்தால் அதைப் பழுதுபார்க்கும் பொறுப்பு பார்க் உரிமையாளருடையது. யார் செலவு என்ற தகராறு இங்கேதான் அடிக்கடி வரும், ஆகவே தளத்தைப் படம் எடுத்து வையுங்கள். இரண்டு பாதிகளாக வந்த வீடென்றால் அண்ணாந்து பார்த்து, நடுவில் நீளவாக்கில் ஓடும் இணைப்பைத் தேடுங்கள். முடி அளவு விரிசல் சகஜம். அதையொட்டித் தேநீர் நிறத்தில் கறை இருந்தால் முகட்டில் தண்ணீர் இறங்குகிறது.

இந்தச் சோதனைகள் எல்லாம் பார்க் ஹோம் பார்த்துப் பழகிய சர்வேயரை வைப்பதற்கு மாற்று அல்ல, அவரை வரவழைக்கும் அளவுக்கு வீடு தேறுமா என்று முடிவுசெய்யத்தான். பக்கத்து வீட்டுக்கு இடைவெளியும் பாருங்கள். தீ பரவாமல் இருக்க இரண்டு வீடுகளுக்கு நடுவே 6 மீட்டர் என்பது மாதிரி விதிமுறை. குடிவந்தபின் கதவைத் தட்டி, ‘தரைக்கு அடியில் குளிர்காப்பு உடனே போடாவிட்டால் வீடு வீணாகிவிடும்’ என்று பயமுறுத்துகிறவர்களிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். பார்க் ஹோம்களில் வயதானவர்களைக் குறிவைத்து நடக்கும் மோசடிகளில் இது முக்கியமானது.

ஒப்பந்தம் கைக்கு வந்தபின் கிடைக்கும் அந்த 28 நாளில் பார்க்குக்கு இரண்டு முறையாவது போங்கள். ஒரு முறை நல்ல மழை பெய்த மறுநாள், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்க. இன்னொரு முறை இருட்டிய பிறகு, விளக்குகள் எரிகின்றனவா, சத்தம் எப்படி என்று பார்க்க. தோட்டத்தில் வேலைசெய்துகொண்டிருக்கும் இரண்டு மூன்று பேரிடம் நின்று பேசுங்கள். கடைசியாக உரிமையாளரிடம் அவர்கள் கேட்டது என்ன, அது நடந்ததா என்று விசாரியுங்கள். விற்பவரிடம் கடந்த ஐந்தாண்டுப் பிட்ச் ஃபீ மாற்றப் படிவங்களின் நகலைக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் புரியாத வாசகம் எதுவாக இருந்தாலும், லீஸ் என்று சுருக்கிச் சொல்லும் அரசு ஆதரவுள்ள லீஸ்ஹோல்ட் ஆலோசனை அமைப்பு பார்க் ஹோம் பற்றி இலவசமாக விளக்கம் தருகிறது. கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களோடு பேசிவிடுங்கள்.